தண்ணி விழுதா?

சீசன் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் எங்கள் வீட்டுப் போனுக்கு ஓய்வே கிடையாது. ஆனி மாதம் மேற்கே மலையில் மேகம் இறங்கி, சாரல் காற்றில் மொட்டைமாடிக் கதவு டமார் டமார் என்று அடிக்க ஆரம்பித்தால் போதும். வருடம் முழுக்க எங்களை மறந்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் ஒரே நேரத்தில் பாசம் பொங்கும். உடம்பு எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், போன வருடம் வாங்கிய பசு மாடு பால் கறக்கிறதா என்று சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். எங்கள் வீட்டில் மாடே கிடையாது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். "சரி, தண்ணி விழுதா?"

குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான் கேள்வி. மேலகரம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. குளிக்கப் போகிறவர்களும் குளித்துவிட்டு வருகிறவர்களும் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆகவே எங்களுக்குத் தெரியாமல் அருவியில் ஒரு சொட்டு விழ முடியாது என்பது சொந்தக்காரர்களின் நம்பிக்கை. அம்மாவும் அந்த நம்பிக்கையை வளர்த்தே வைத்திருந்தாள்.

ஆனால் அம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அம்மாவிடம் மட்டுமில்லை, எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரிடமும் உண்டு. தண்ணி விழுதா என்று யார் கேட்டாலும் "விழல" என்று சொல்லமாட்டார்கள். அது "வராதீங்க" என்று சொன்னதாக ஆகிவிடும். வீட்டுக்கு வரவா என்று கேட்கிறவர்களிடம் அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அதனால் பாறை காய்ந்து கிடந்தாலும் "வாங்க வாங்க, நல்லா விழுது" என்பதுதான் பதில். அவர்களும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். வந்து பார்த்தால் அருவியில் ஒன்றும் இராது. அதற்கும் எங்களிடம் பதில் தயாராக இருக்கும். "நேத்து வரைக்கும் விழுந்துச்சு!"

அப்பா மட்டும் விதிவிலக்கு. அவர் வீரகேரளம்புதூர் பக்கம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். ஒருமுறை அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது போனை எடுத்து, "விழல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேட்டது அம்மாவின் அண்ணன். மாமா அந்தத் தீபாவளிக்குக்கூட வரவில்லை. அன்றிலிருந்து சீசன் முடியும்வரை அப்பா போனைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

இப்படி நம்பி வந்து ஏமாந்து நிற்கிற கூட்டத்தை என்ன செய்வது? அருவிக்குப் போய்ப் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாங்கிய சிப்ஸையும் தின்று தீர்த்துவிட்டு, ஹாலில் பாய் விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "ஏட்டி, சும்மாதான நிக்க? எல்லாருக்கும் ஒரு படத்துக் கதையச் சொல்லு."

நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நாங்கள் படம் பார்ப்பதே அபூர்வம். ஆனால் தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒட்டியிருக்கும் போஸ்டர் எனக்குப் போதும். நடுவில் அரிவாளோடு ஒருவன், மூலையில் கண்ணீரோடு ஓர் அம்மா, மேலே பறக்கிற மோட்டார் சைக்கிள். மீதியை நானே கட்டிவிடுவேன். சொல்லச் சொல்ல ஒரு கண் கூட்டத்தின் மேலேயே இருக்கும். சித்தி சீப்பைத் தேட ஆரம்பித்தால் கதை தொய்கிறது என்று அர்த்தம், உடனே ஒரு சண்டையை இறக்குவேன். சின்னப் பிள்ளை எழுந்து நின்றால் காமெடி. மாமா ஒருக்களித்துப் படுத்து "பெறவு?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு ஜெயித்துவிட்டேன். அவர்கள் ஊருக்குப் போய் உண்மையான படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்வார்கள். "நீ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு." அந்த ஒரு வார்த்தைக்காக அருவி காய்ந்தே கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட வருடங்கள் உண்டு.

கதை சொல்கிற பிள்ளைக்கு என்ன படிப்பு என்று யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மார்க் வந்தது, இன்ஜினியரிங் சேர்ந்தேன். கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தார்கள், சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை கிடைத்தது. மற்றவர்கள் செய்த ஆப்பில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதுதான் டெஸ்டிங். மாமியார் வேலை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். நன்றாகத்தான் செய்தேன். ஆனால் எழுதும்போது கை சும்மா இருக்காது.

மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கும் ஓர் ஆப். "ஊர்ப் பட்டியலில் தென்காசி இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். நான் எழுதியது இப்படி இருந்தது: "முழங்கால் வலியோடு ஒரு பெரியவர் வருகிறார். ஊரைக் கேட்கிறோம். தேடுகிறார், தென்காசி இல்லை. பக்கத்தில் இருக்கட்டுமே என்று திருநெல்வேலியைத் தொடுகிறார். அங்கே ஒரு மருத்துவமனையைக் காட்டி, காலை எட்டு மணிக்கு வரச் சொல்கிறோம். அதே முழங்காலோடு அவர் விடிவதற்கு முன் பஸ் ஏற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, 'நன்றி, நலம் பெறுக!' என்று பச்சை நிறத்தில் வாழ்த்து வேறு சொல்கிறோம்."

என் மேலாளர் தலையில் கை வைத்துக்கொள்வார். "எந்த இடத்துல தப்புன்னு மட்டும் எழுதும்மா. தொடர்கதை எழுதாத." எங்கள் பிரிவில் என் பெயரே 'கதை' என்று ஆகிவிட்டது. "கதை சாப்பிட வரலையா?" "கதை இன்னைக்கு லீவா?" விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

அதே மாடியின் இன்னொரு பக்கத்தில் டிசைன் பிரிவு இருந்தது. படம் வரைகிறவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அந்தப் பிரிவின் தலைவி, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் பக்கம் வந்து நின்றார். "அந்த முழங்கால் பெரியவரை எழுதினது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். வம்புதான் என்று எழுந்து நின்றேன். அவர் என் மேசைமேல் சாய்ந்துகொண்டு சொன்னார். "நாங்க மத்தியானம் சாப்பிடும்போது உன் ரிப்போர்ட்டைத்தான் படிக்கிறோம். நீ ஏன் எங்க பக்கம் வரக் கூடாது?"

அவர்கள் வேலைக்கு யூ.எக்ஸ். டிசைன் என்று பெயர். ஓர் ஆப்பைத் திறக்கிற ஆள் முதலில் எதைப் பார்ப்பார், அடுத்து எதைத் தொடுவார், எங்கே திகைத்து நிற்பார், எங்கே அலுத்துப்போய் எழுந்து போவார் என்று யோசித்து யோசித்து அமைக்கிற வேலை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வீட்டு ஹாலும் சீப்பைத் தேடுகிற சித்தியும்தான் ஞாபகம் வந்தார்கள். இதற்குச் சம்பளம் கொடுப்பார்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

ஆனால் சும்மா கூப்பிட்டு உட்கார வைத்துவிட முடியாது. நானே ஒரு பிரச்சினையை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நானே அமைத்து, உண்மையான ஆட்கள் அதைப் பயன்படுத்துவதைக் காட்ட வேண்டும். ஒரு இடம் காலியாக இருந்தது. நன்றாக வந்தால் அந்த இடம் எனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள். அப்புறம் எப்போது இடம் வருமோ, யார் கண்டது. இன்ஜினியரிங் மார்க்கால் வந்தது, டெஸ்டிங் தானாக வந்தது. இது ஒன்றைத்தான் நான் ஆசைப்பட்டேன். ஊரில் அம்மாவிடம்கூட இவ்வளவு ஆசை என்று சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம்.

என்ன பிரச்சினையை எடுப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. "தண்ணி விழுதா?"

மிகச் சுத்தமாக ஓர் ஆப் செய்தேன். 'கதை, கதை' என்று கேலி செய்தவர்களின் வாயை அடைக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. ஒரு வார்த்தை அதிகம் இல்லை. ஒவ்வோர் அருவிக்கும் ஓர் ஆள், அவர் போனில் இரண்டு பொத்தான்கள். நீலம் என்றால் விழுது, சாம்பல் என்றால் விழல. அவர் காலையில் ஒரு தட்டுத் தட்டினால் உலகத்தில் எங்கிருந்து பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும். லீவு போட்டு ஊருக்கு வந்து ஆட்களைப் பிடித்தேன். ஐந்தருவியில் பழக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மெயின் அருவிப் பக்கம் லாட்ஜ் பார்த்துக்கொள்ளும் ஒருவர், ஓர் ஆட்டோக்காரர், இவர்களோடு, தெருமுனையில் குளித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்ல எங்கள் அம்மா. அம்மாவுக்குப் பதவி கிடைத்ததில் ஏகப் பெருமை. அப்பா தனக்கும் ஒன்று தரச் சொன்னார். அம்மா முறைத்தாள்.

அந்த வாரம் நல்ல சீசன். எல்லா அருவியும் கொட்டியது, எல்லோரும் நீலத்தைத் தட்டினார்கள், திரை முழுக்க நீலமாகப் பளபளத்தது. நான் சென்னைக்குத் திரும்பி டிசைன் தலைவியிடம் காட்டினேன். அவருக்குப் பிடித்துவிட்டது. "ஆபீஸ்ல உக்காந்து பார்த்து என்ன ஆகப்போகுது? நேர்லயே வந்து பார்த்துடறேன். எங்க மாமியாரும் குற்றாலம் குற்றாலம்னு சொல்லிட்டே இருக்காங்க" என்று சொல்லி, கணவருக்கும் மாமியாருக்கும் சேர்த்துச் செங்கோட்டை ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டார். நானும் கூடப் போனேன்.

கிளம்புகிற அன்று ஆப்பைத் திறந்து பார்த்தேன். எல்லாம் நீலம். இருந்தாலும் ஒரு மரியாதைக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எம்மா, தண்ணி விழுதா?"

"கூட்டிட்டு வாட்டி, நல்லா விழுது."

அவள் வயிற்றில் பிறந்து, அவள் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டு வளர்ந்த நான், அதை நம்பினேன். 

தென்காசியில் இறங்கியதுமே முதுகில் சுள்ளென்று வெயில் விழுந்தது. மேற்கே பார்த்தேன். மலை ஒரு மேகம்கூட இல்லாமல் தெளிவாகத் தெரிந்தது. ஆடி மாதத்தில் எங்கள் மலை அவ்வளவு தெளிவாகத் தெரியக் கூடாது. லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும்போது மாமியார் தலை நிறைய நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, கழுத்து வழியாக எண்ணெய் வழிய வழிய ஆட்டோவில் ஏறினார். எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் முழங்கால் வலி போகும் என்று யாரோ சொன்னார்களாம். எதிரே குற்றாலத்திலிருந்து வருகிறவர்களின் தலையையே பார்த்துக்கொண்டு போனேன். எல்லாத் தலையும் காய்ந்திருந்தது.

ஐந்தருவியில் நான்கைக் காணோம். ஐந்தாவது, சரியாக மூடாத குழாய் மாதிரி பாறையோடு ஒட்டிக் கசிந்துகொண்டிருந்தது. அதன் கீழே ஒரு குடும்பம் சொம்பை நீட்டிப் பிடித்து, நிறையும்வரை காத்திருந்து, ஆளுக்கொரு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தது. டிசைன் தலைவி போனைப் பார்த்தார். நீலம். பாறையைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். அவர் கணவர் தோளில் துண்டோடு அண்ணாந்து பார்த்தபடி, "மேல யாராவது வால்வை மூடிட்டாங்களா?" என்று கேட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

பழக்கடை அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்து வந்தார். "வாங்க, வாங்க! நேத்து வரைக்கும் என்ன போடு போட்டுச்சு தெரியுமா!"

"காலைல நீங்க எந்தப் பொத்தானைத் தட்டினீங்க?" என்று தலைவி அவரிடம் கேட்டார்.

"நீலந்தான்."

"தண்ணி இல்லையே?"

"இல்லதான். அதுக்காவ அந்தப் பொத்தான அமுக்க முடியுமா தாயி? எங்கெங்கேயோ இருந்து ஆசையா பாத்துட்டு இருப்பாவ. வராதியன்னு எப்பிடிச் சொல்லுதது?" என்று சொல்லி, ஒரு மங்குஸ்தானை உடைத்து மாமியார் கையில் வைத்தார். வியாபாரமும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அமுக்குன நீலத்தால என் வேலைதான் அண்ணாச்சி சாம்பல் ஆகப்போகுது" என்று வெடுக்கென்று சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, முகம் மட்டும் வாடிப்போனது. அதற்குள் மாமியார், "எண்ணெய் கண்ணுல இறங்குதும்மா, எங்கயாவது குளிச்சாகணும்" என்றார். வேறு வழி? எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தில் ஒரு துளி வெட்கம் கிடையாது. "வாங்கக்கா, வாங்க! நேத்து வரைக்கும் விழுந்துச்சு பாத்துக்கிடுங்க" என்றபடி மாமியாரின் கையைப் பிடித்துப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, மோட்டாரைப் போட்டு, தென்னைக்குத் தண்ணீர் விடும் குழாயைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "கண்ண மூடிக்கிட்டு அருவின்னு நெனச்சுக்கிடுங்க." உள்ளேயிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, "நான்னா உள்ளதச் சொல்லிருப்பேன்" என்றார். அவரிடம் ஒரு பொத்தானைக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

மத்தியானம் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் என்று அம்மா அமர்க்களப்படுத்தியிருந்தாள். எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் இறங்கவில்லை. நான் உம்மென்று இருந்ததைப் பார்த்த அம்மா, என்னைக் காப்பாற்றுகிறதாக நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "எம் மவ பெரிய ஆளாக்கும். சின்னப் பிள்ளைல பாக்காத படத்துக்கெல்லாம் கதை சொல்லுவா. தண்ணி விழாட்டாலும் இவ கதைய கேக்கணும்னே வருவாவ."

தலைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஊர்க்காரங்க இல்லைன்னு சொல்லமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு ஒரு பொத்தான் வெச்சே?"

டிசைன் என்றால் பேச்சே இல்லாமல் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன், கதை என்று கேலி செய்வதால் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டேன் என்று உண்மையையே சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சீசன் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை காட்டு. அதுக்கு மேல என்னால அந்த இடத்தை வெச்சிருக்க முடியாது" என்று மட்டும் சொன்னார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது மாமியார் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அருவிக்கு வந்து பம்புசெட்டில் குளித்துவிட்டுப் போகிறவர் மாதிரியே அவர் இல்லை.

நான் லீவை நீட்டித்து ஊரிலேயே தங்கிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் ஐந்தருவிக்குப் போனேன். வேலையாகப் போகவில்லை, அண்ணாச்சியின் வாடிய முகம் மனதை உறுத்தியது. கூட்டமே இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் எதுவும் நடக்காதது போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், "காலைல இருந்து எப்பிடி அண்ணாச்சி போகுது?" என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்க!" என்று ஆரம்பித்தார். "அங்கன பாரு, காவலுக்கு நிக்க போலீஸ்காரரு பேப்பர ஒருதடவ படிச்சு முடிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து படிக்காரு. குரங்குக்குப் பறிக்க ஒருத்தர் கையிலயும் பையி இல்ல, எல்லாம் வரிசையா உக்காந்து எங் கடையவே பாக்குது. நான் அதுகளப் பாக்கேன். எண்ணெய் தேய்ச்சு விடுதவன் பொழுது போகாம அவன் காலுக்கே தேய்ச்சுக்கிட்டு கெடக்கான். ஒரு மாப்பிள்ளையும் பொண்ணும் வந்தாவ, பாறைல ஏறி உக்காந்து மத்தியானம் வரைக்கும் பேசிட்டு, ஒரு துளி நனையாம போனாவ. நல்ல சோடி."

நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். தண்ணீர் இல்லை என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் இதைக் கேட்கிற யாரும் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பமாட்டார்கள். இவர்களிடம் போய் ஆமாம், இல்லை என்று பதில் கேட்டது என்னுடைய முட்டாள்தனம். என்ன நடக்கிறது என்று கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பார்கள். "அண்ணாச்சி, இதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்று போனை நீட்டினேன்.

அந்த வாரமே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினேன். நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. வட்டமாக ஒரே ஒரு பொத்தான். அதன் மேலே, "இப்ப அங்கன என்ன நடக்குது?" என்று ஒரு கேள்வி. அழுத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டியதுதான். வர நினைக்கிறவர்கள் அந்தக் குரலையே கேட்டுக்கொள்ளலாம். பேச விட்டதும் எங்கள் ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. லாட்ஜ்காரர் விருந்தாளிகள் அறையிலேயே உட்கார்ந்து சீட்டு விளையாடுவதைச் சொன்னார். ஆட்டோக்காரர் சவாரி வராததைப் பாட்டாகவே பாடினார். அம்மாவின் முதல் பதிவு இப்படி இருந்தது: "மாடில போட்ட துணி அதுக்குள்ள காஞ்சிட்டு. இந்த வெயில விடக் கூடாதுன்னு வத்தல் போட்டிருக்கேன். நீங்க வாங்க, வந்தா வத்தக்கொழம்பு வைக்கேன்."

ஆடியில் எங்கள் மாடியில் துணி காய்ந்தால் சீசன் படுத்துவிட்டது என்று அர்த்தம். உள்ளதையும் சொல்லிவிட்டாள், வாங்க என்றும் சொல்லிவிட்டாள். அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். "போட்டி, பைத்தாரி" என்று தள்ளிவிட்டாள்.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. வருகிற எண்ணமே இல்லாதவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து ஊர் வடகரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். "இந்த சீசனுக்கு லீவு கிடைக்கல. பழக்கடையில குரங்கு இன்னைக்கு என்ன செஞ்சுதுன்னு கேட்டுட்டுத்தான் எங்க வண்டில எல்லாரும் வேலைக்குப் போறோம். அண்ணாச்சிய ஒருநாளும் லீவு போட வேண்டாம்னு சொல்லுங்க." அதை அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து அவர் துபாய்க்காரர்களுக்கு வணக்கம் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

சீசனின் கடைசியில் சென்னையில் காட்ட வேண்டிய நாள் வந்தது. பெரிய மேசையைச் சுற்றி டிசைன் பிரிவு மொத்தமும் இருந்தது. என் டெஸ்டிங் மேலாளரும் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் காட்ட எனக்கு ஒன்றுமே இல்லை, ஒரு வட்டம்தான். அண்ணாச்சியின் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். போலீஸ்காரர் பேப்பர் படித்தபோது ஒருவர் சிரித்தார். குரங்குகள் வரிசையாக உட்கார்ந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாத வடநாட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவளிடம் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, எல்லோரும் முடித்த பிறகு தனியாகச் சிரித்தான். முடிந்ததும் யாரோ, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியிடமிருந்து புதிதாக ஒன்று வந்து விழுந்தது. நான் கேட்காதது. சோதித்துப் பார்க்காததை எல்லோர் முன்னாலும் ஓட்டக் கூடாது என்பது டெஸ்டிங்கில் முதல் பாடம். மேலாளர் மூலையிலிருந்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் தொட்டுவிட்டேன்.

ஹோ என்ற இரைச்சல். அவ்வளவுதான். அறை முழுக்க அது நிறைந்தது. அண்ணாச்சி ஏதோ கத்துகிறார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யாரோ கூச்சல் போட்டுச் சிரிக்கிறார்கள், பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அண்ணாச்சி மறுபடி கத்துகிறார், இரைச்சல் அவரையும் விழுங்கிவிடுகிறது. அந்த வடநாட்டுப் பையன் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான். இந்தமுறை அவன் யாரிடமும் அர்த்தம் கேட்கவில்லை.

பதிவு நின்றது. டிசைன் தலைவி லேப்டாப்பை மூடினார். "திங்கட்கிழமையிலிருந்து எங்க பக்கம் உக்காரு" என்றார். பிறகு என் மேலாளரைத் திரும்பிப் பார்த்து, "எடுத்துக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். அவர் எழுந்து வந்து, "எங்க கதையைக் கொண்டுபோறீங்க, பத்திரமா பாத்துக்கோங்க" என்றார். அந்தப் பெயர் அன்றைக்குத்தான் எனக்குப் பிடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

திங்கட்கிழமை வரை யார் காத்திருப்பது? சாயங்காலமே டெஸ்டிங் பக்கத்திலிருந்து என் நாற்காலியை உருட்டிக்கொண்டு கிளம்பினேன். மேல் பையைத் தூக்கி வைத்து, தண்ணீர் பாட்டிலைச் சொருகி, மாடியின் அந்தக் கோடிவரை தள்ள வேண்டும். ஒரு சக்கரம் மக்கர் பண்ணி அடிக்கடி நின்றது. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், விசில்கூட அடித்தார்கள். பாதி வழியில் மேலாளர் ஓடிவந்து, "விடும்மா, நான் தள்ளுறேன்" என்றார்.

"வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு, நானே தள்ளிக்கொண்டு போனேன்.